ஸ்னோ ப்ளோயர் சோக்கில் மட்டும் ஓடுகிறது, சோக்கை எடுத்தால் நின்றுவிடுகிறது: யாராவது கைகொடுங்கள்

கும்பகோணத்தான் (பேரி, ஒன்டாரியோ)

எல்லோருக்கும் வணக்கம். கனடாவில் இது எனக்கு இரண்டாவது குளிர்காலம், சொந்த வீட்டில் முதலாவது. போன வருஷம் அபார்ட்மெண்டில் இருந்ததால் பனி என்பது ஜன்னல் வழியாகப் பார்க்கிற சமாச்சாரம். இப்போது இரண்டு கார் நிற்கிற டிரைவ்வே முழுக்க என் பொறுப்பு. வீட்டை விற்றவர் 24 அங்குல ஸ்னோ ப்ளோயர் (பனியை அள்ளி வீசுகிற மெஷின்) ஒன்றை கராஜிலேயே விட்டுப்போனார். ஏப்ரல் வரை நன்றாக ஓடியதாம்.

நேற்று எடுத்துப் பார்த்தேன். சாவி போட்டாச்சு, பெட்ரோல் வால்வு திறந்தாச்சு. ப்ரைமரை (இஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளுகிற ரப்பர் பொத்தான்) நாலு தடவை அமுக்கி, முழு சோக்கில் கயிற்றை இழுத்தால் மூன்றாவது இழுப்பில் பிடிக்கிறது. சோக்கை எடுத்த உடனே சத்தம் ஏறி இறங்கி, ஆஸ்துமாக்காரர் மாதிரி இழுத்து, நின்றுவிடுகிறது. பாதி சோக்கில் ஒரு நிமிஷம் தாங்குகிறது. ஸ்பார்க் பிளக் மாற்றினேன், பிரயோஜனமில்லை. சர்வீஸுக்குக் கொடுத்தால் மூன்று வாரம் ஆகும் என்கிறார்கள். ஜார்ஜியன் விரிகுடாப் பக்கமிருந்து பனி வர அவ்வளவு நாள் ஆகாது.

அப்புறம் இன்னொன்று. வீட்டுக்கு வேறு என்ன தயார் செய்ய வேண்டும்? இதுவரை வாங்கியது: உப்பு மூட்டை, மெழுகுவத்தி, கரண்ட் போனால் அறையைச் சூடாக்க ஒரு பியூட்டேன் அடுப்பு.

பழைய இஞ்சின் (ஸ்கார்பரோ)

தம்பி, டாங்கில் இருக்கிற பெற்றோல் எப்ப ஊற்றினது?

கும்பகோணத்தான்

அவர் விட்டுப்போனதுதான் அண்ணா. பாதி டாங்குக்கு மேலே இருந்தது, வீணாக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பழைய இஞ்சின்

அப்ப அதுதான் வருத்தம். சோக் என்றால் காற்றை மறிக்கிற தகடு. காற்றை மறித்தால் ஓடுகிறது, திறந்தால் நிற்கிறது என்றால் பெற்றோல் போதிய அளவு போகவில்லை. இங்கே வருகிற பெற்றோலில் எத்தனால் கலந்திருக்கும், அது ஈரத்தை இழுக்கும். ஏழு மாதம் சும்மா கிடந்த பெற்றோல் கார்பரேட்டருக்குள் (காற்றையும் பெற்றோலையும் கலக்கிற பாகம்) பிசின் மாதிரிப் படிந்து, ஊசி முனை அளவான ஜெட் ஓட்டையை அடைத்துவிடும். பிளக்கில் பிழை இல்லை.

வால்வைப் பூட்டு. இஞ்சின் ஆறியிருக்க வேணும், கராஜ் கதவு திறந்திருக்க வேணும், பக்கத்தில் வாட்டர் ஹீட்டர் எரியக்கூடாது. டாங்கில் இருப்பதை முழுக்க ஒரு கேனுக்குள் இறக்கு. கார்பரேட்டருக்கு அடியில் சின்னக் கிண்ணம் ஒன்று தெரியும், நடுவில் ஒரே ஒரு போல்ட். கீழே தட்டு வைத்துவிட்டுக் கழற்று. சில இஞ்சினில் அந்தப் போல்ட்டிலேயே பக்கவாட்டில் மயிரிழை ஓட்டை இருக்கும், ஜெட்டே அதுதான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார், அந்தப் பக்கம் தெரிய வேணும். தெரியாவிட்டால் கார்ப் கிளீனர் அடித்து, மெல்லிய செப்புக் கம்பி ஒன்றை விட்டு எடு. துளை பெரிதாகிவிடும், அதனால் டிரில் பிட்டைக் கிட்டக் கொண்டுபோகாதே. ரப்பர் வளையத்தில் கிளீனர் பட்டால் ஊதிவிடும், அதை முதலில் கழற்றி வை.

வடக்குவாசி (சட்பரி)

இவ்வளவு பாடு எதற்கு? முழு கார்பரேட்டரையே ஆன்லைனில் வாங்கி மாட்டுங்கள். இரண்டு நட்டு, ஒரு ட்யூப், அரை மணி நேர வேலை.

பழைய இஞ்சின்

வாங்கலாம். ஆனால் அதே பழைய பெற்றோலை ஊற்றினால் புதுசும் அடைக்கும். முதலில் துப்புரவாக்கிப் பார்க்கட்டும்.

அடுக்களை அக்கா (ஒரில்லியா)

மெஷினை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்த பியூட்டேன் அடுப்பை உள்ளே கொளுத்தவே கொளுத்தாதீர்கள். கரி அடுப்பும் அப்படித்தான். எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு மணமே கிடையாது. 2013 டிசம்பர் உறைமழையில் டொராண்டோவில் மட்டும் மூன்று லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. அந்த நாட்களில் கராஜுக்குள் ஜெனரேட்டர் ஓடவிட்டு உயிரை விட்டவர்களும் உண்டு. படுக்கையறைப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா, அதன் காலாவதித் தேதி என்ன என்று இன்றைக்கே பாருங்கள். பின்பக்கம் அச்சடித்திருக்கும்.

வீட்டைச் சூடாக்குவது காஸ் ஃபர்னஸ்தானே, கரண்ட் போனாலும் எரியும் என்று நினைக்க வேண்டாம். ஊதுகிற விசிறிக்கும் போர்டுக்கும் மின்சாரம் வேண்டும். 2025 மார்ச் கடைசியில் எங்கள் ஊரில் அவசரநிலையே அறிவித்தார்கள். ஒரே அறையில் கதவை அடைத்து, போர்வையோடு எல்லோரும் சுருண்டு கிடந்தோம். சமைக்காமல் சாப்பிடக் கைகொடுத்தது அவல்தான். நனைத்து, வெல்லம் போட்டு, தேங்காய்ப்பூ தூவினால் முடிந்தது. மூன்று நாளைக்குத் தாங்குகிற மாதிரி வையுங்கள். தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர்.

வெளிக்குழாயை மறந்துவிட்டீர்களே! முதல் வருஷம் நாங்கள் ஹோஸைக் கழற்றாமல் விட்டோம். குளிர் முழுக்க ஒன்றும் தெரியவில்லை. மே மாதம் செடிக்குத் தண்ணீர் விடக் குழாயைத் திறந்தேன், வெளியே நூலாகத்தான் வந்தது. மீதி எங்கே போனது என்று அரை மணி கழித்து, பேஸ்மென்ட் கார்ப்பெட்டில் கால் வைத்தபோது தெரிந்தது. சுவருக்குள் குழாய் வெடித்திருந்தது. ஹோஸைக் கழற்றுங்கள், பேஸ்மென்டில் அந்தக் குழாய்க்குரிய வால்வை மூடுங்கள், வெளிக்குழாயைத் திறந்தே விடுங்கள்.

வீட்டுப் பக்கச் சுவரில் வெள்ளை பிளாஸ்டிக் குழாய் இரண்டு நீட்டிக்கொண்டிருந்தால் அது ஃபர்னஸின் மூக்கும் வாயும். பனி குவிந்து மூடினால் ஃபர்னஸ் நின்றுவிடும். பெரிய பனி விழும்போதெல்லாம் போய்ப் பாருங்கள். சாதா உப்பு மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே பனிக்கட்டியைச் சரியாகக் கரைக்காது. அதற்கு கால்சியம் குளோரைடு ஒரு பை வையுங்கள்.

கும்பகோணத்தான் (இரண்டு நாள் கழித்து)

ஓடுகிறது! கிண்ணத்தைக் கழற்றினால் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் திரவம், அடியில் வெள்ளையாக மாவு மாதிரி வண்டல். போல்ட் ஓட்டையில் வெளிச்சமே தெரியவில்லை. கம்பி விட்ட பிறகு தெரிந்தது. புதுப் பெட்ரோல், அது கெடாமல் வைக்கிற ஸ்டெபிலைசர் கலந்து ஊற்றினேன், இரண்டாவது இழுப்பில் பிடித்தது. சோக் இல்லாமல் பத்து நிமிஷம் ஓடியது.

பியூட்டேன் அடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அலாரத்தைப் பார்த்தால் காலாவதியாகி இரண்டு வருஷம். புதுசு மாட்டியாச்சு.

ஒரே சந்தேகம். முன்னால் சுற்றுகிற திருகில் இடது பாதி சுற்றவில்லை. அச்சில் ஒரு ஓட்டை காலியாக இருக்கிறது. வீட்டில் கிடக்கிற போல்ட் ஒன்றைப் போட்டு முறுக்கலாமா?

பழைய இஞ்சின்

ஐயோ, வேண்டாம். அது ஷியர் பின்னுக்குரிய ஓட்டை. தெருவைத் துப்புரவாக்குகிற வண்டி உன்ரை வாசலில் தள்ளிவிட்டுப் போகிற பனிக்கட்டியோ கல்லோ சிக்கினால், உடைவதற்கென்றே அந்தப் பின். கெட்டியான போல்ட் போட்டால் பின்னுக்குப் பதிலாக கியர்பாக்ஸ் உடையும். உன் மொடலுக்கு உரியதாக நாலு வாங்கு. இரண்டைப் போடு, இரண்டைக் கைப்பிடியில் டேப் ஒட்டித் தொங்கவிடு. பனி வீசுகிற வாய் அடைத்தால் இஞ்சினை நிறுத்தி, கூட வருகிற பிளாஸ்டிக் கரண்டியால் மட்டும் குத்து. நின்ற பிறகும் உள்ளே இறுகி நிற்கிற சுழல்தகடு ஒரு சுற்றுச் சுற்றும், கையை விடாதே.

அதுசரி, பழைய பெற்றோலை எங்கே ஊற்றினாய்? சிங்க்கில் இல்லைதானே?

கும்பகோணத்தான்

இல்லை அண்ணா, சிவப்புக் கேனில் மூடி வெளி ஷெட்டில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை நகரத்தின் அபாயக் கழிவு மையத்துக்குக் கொண்டுபோகிறேன். பின்னும் அன்றைக்கே வாங்கிவிடுகிறேன்.