அவசரம்: பாடகி பிறந்தது 1932ஆ 1935ஆ? கல்யாண வயது 13ஆ 15ஆ?

தேன்மொழி_எழுத்து | காலை 10:12
வணக்கம். இன்று மாலை பக்கம் அச்சுக்குப் போகிறது, அதனால் சுருக்கமாகக் கேட்கிறேன். கன்ட்ரி (அமெரிக்கக் கிராமிய இசை) பாடகி ஒருவர் பற்றிய கட்டுரையில் பிறந்த ஆண்டு இடிக்கிறது. கையில் இருக்கும் புத்தகத்தை வைத்துக் கணக்குப் போட்டால் 1935 வருகிறது. இறந்தபோது வந்த செய்திகளில் வயது 90 என்கிறார்கள், அப்படியென்றால் 1932. கல்யாணம் ஒரு இடத்தில் 13 வயதில், இன்னொரு இடத்தில் 15 வயதில். எதைப் போடுவது? ஆதாரம் இல்லாமல் எதுவும் போகக் கூடாது என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

கோடைவானொலி | 10:19
எந்தப் பாடகி என்று சொல்லவே இல்லையே? டாலி பார்ட்டன் என்றால் 1946. உங்கள் இரண்டு ஆண்டும் பொருந்தாது.

பழைய_ரிக்கார்டு | 10:24
1932 என்றால் பாட்ஸி க்ளைன்தான். செப்டம்பர் 8, விர்ஜீனியா மாநிலம் வின்செஸ்டர். ஆனால் 90 வயது எங்கிருந்து வந்தது? அவர் 1963 மார்ச் 5ஆம் தேதி விமான விபத்தில் 30 வயதிலேயே போய்விட்டாரே. நீங்கள் பார்த்த செய்தி தவறாக இருக்கலாம்.

நூலகர்_மூத்தவர் | 10:31
பல வருடமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. யார், எந்தப் புத்தகம், எந்தப் பதிப்பு, எந்தச் செய்தி, என்ன தேதி. இந்த ஐந்தும் இல்லாமல் ‘உடனே சொல்லுங்கள்’ என்றால் யாரால் என்ன சொல்ல முடியும்? முதலில் இவற்றை எழுதுங்கள் அம்மா, பிறகு பார்க்கலாம்.

கிட்டார்_மணி | 10:33
13 வயது கல்யாணம் என்றதுமே யார் என்று தெரிகிறதே. லொரெட்டா லின்தானே?

தேன்மொழி_எழுத்து | 10:40
ஆமாம், லொரெட்டா லின். 13 வயது கல்யாணக் கதை எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்தேன். புத்தகம் அவருடைய சுயசரிதை, ‘கோல் மைனர்ஸ் டாட்டர்’.

நூலகர்_மூத்தவர் | 10:44
எந்த ஆண்டு? அந்தப் பெயரில் மூன்று இருக்கின்றன. பாட்டு 1970, புத்தகம் 1976, படம் 1980. பலர் படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகம் படித்ததாக எழுதுகிறார்கள்.

தேன்மொழி_எழுத்து | 10:46
1976 புத்தகம்தான் சார்.

கிட்டார்_மணி | 10:58
சரி, அப்படியென்றால் விஷயம் தெளிவு. 2012 மே மாதம் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் கென்டக்கி மாநிலப் பதிவுகளைத் தேடிப் பார்த்து ஒரு செய்தி வெளியிட்டது. பிறப்புச் சான்றிதழில் 1932 ஏப்ரல் 14. கல்யாணம் 1948 ஜனவரி 10. அதன்படி அன்று மணப்பெண்ணுக்கு 15 வயது, 16 ஆக மூன்று மாதம் இருந்தது. அதுவரை உலகம் முழுக்க 1935 என்றும் 13 வயதில் கல்யாணம் என்றும்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆகவே 2012க்கு முந்தைய எந்தப் புத்தகத்தைப் பார்த்தாலும் பழைய கணக்கே இருக்கும். இறந்தது 2022 அக்டோபர் 4, டென்னசி மாநிலம் ஹரிக்கேன் மில்ஸில் உள்ள சொந்த வீட்டில். வயது 90 சரிதான்.

மலைக்காற்று | 11:07
நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் பிறந்தது புட்சர் ஹாலோ. மலை இடுக்கில் ஒரு குக்கிராமம், நிலக்கரித் தொழிலாளி குடும்பம். அந்தக் காலத்தில் அங்கே பிள்ளை பிறந்தால் யார் போய்ப் பதிவு செய்தார்கள்? வீட்டில் பிரசவம், பாட்டி சொன்னதுதான் தேதி. சான்றிதழ் எல்லாம் பின்னால் எழுதி வாங்கியதாகத்தான் இருக்கும். உண்மையான ஆண்டு யாருக்குமே தெரியாது என்பதுதான் என் கருத்து. கட்டுரையில் ‘1930களில் பிறந்தார்’ என்று போட்டுவிடுங்கள்.

கிட்டார்_மணி | 11:15
கென்டக்கியில் மாநிலம் முழுவதற்குமான பிறப்புப் பதிவு 1911லேயே வந்துவிட்டது. 1932 அதற்கு 21 ஆண்டு பிறகு. மலைக்கிராமம் என்பதாலேயே பதிவு இருக்காது என்று முடிவு கட்ட முடியாது.

இன்னொன்றையும் பாருங்கள். பழைய கணக்கு அதற்குள்ளேயே இடிக்கிறது. 1935 ஏப்ரலில் பிறந்து 1948 ஜனவரியில் கல்யாணம் என்றால் வயது 13 இல்லை, 12. மூத்த மகள் பிறந்தது அதே 1948 நவம்பரில். அதாவது 1935ஐயும் 13ஐயும் சேர்த்துப் போட்டால் கல்யாணத் தேதி நிற்காது. 1932ஐயும் 15ஐயும் போட்டால் எல்லாம் அப்படியே உட்காருகிறது.

தேன்மொழி_எழுத்து | 11:21
அருமை, இதுதான் வேண்டும். அப்படியே இன்னும் இரண்டு: 29 வயதில் பாட்டியானார் என்று எழுதியிருக்கிறேன், சரியா? தங்கை கிரிஸ்டல் கேலும் அவரும் ஒரே வீட்டில் சேர்ந்து பாடி வளர்ந்தார்கள் என்றும் எழுதியிருக்கிறேன்.

கிட்டார்_மணி | 11:34
முதலாவதை எடுத்துவிடுங்கள். 1932இல் பிறந்தவருக்கு 29 வயது என்பது 1962 ஏப்ரல் வரைதான். மூத்த மகளுக்கு அப்போது 13தான். பழைய 1935ஐ வைத்தால் 29 வயது 1964-65இல் வரும், மகளுக்கு 15, 16. அந்தப் பழைய ஆண்டை நம்பியதால் வந்த வாக்கியம் அது. பிறந்த ஆண்டை மட்டும் திருத்திவிட்டு இப்படிப்பட்ட வயதுகளை அப்படியே விட்டுவிடுவதுதான் பெரும்பாலான கட்டுரைகளில் நடக்கிறது. உங்கள் கட்டுரையில் ‘இத்தனை வயதில்’ என்று வரும் ஒவ்வொரு இடத்தையும் தேடிப் பாருங்கள்.

ராகமாலிகா77 | 11:40
தங்கை விஷயம் நான் சொல்கிறேன். கிரிஸ்டல் கேல் பிறந்தது 1951 ஜனவரி 9, பெயின்ட்ஸ்வில் ஊரில். வீட்டில் எட்டுப் பிள்ளைகள், லொரெட்டா இரண்டாவது, இவர் கடைசி. லொரெட்டா 1948லேயே கல்யாணமாகிக் கணவரோடு வாஷிங்டன் மாநிலத்துக்கு, கஸ்டர் என்ற ஊருக்குப் போய்விட்டார். தங்கை பிறக்கும்போதே அக்கா வீட்டில் இல்லை. கிரிஸ்டலுக்கு நான்கு வயது இருக்கும்போது பெற்றோரும் இண்டியானாவில் வாபாஷ் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள். ஒரே வீட்டில் வளர்ந்தார்கள் என்பது நிச்சயமாகத் தவறு.

பழைய_ரிக்கார்டு | 11:47
1932 என்றால் எனக்கு இன்னொன்று தோன்றுகிறது. பாட்ஸி க்ளைன் 1932 செப்டம்பர், லொரெட்டா 1932 ஏப்ரல். அப்படியென்றால் லொரெட்டாதான் ஐந்து மாதம் மூத்தவர்! கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்கு லொரெட்டா வந்த புதிதில் பாட்ஸிதான் அவரை அக்கா மாதிரி கையைப் பிடித்து அழைத்துப் போனார் என்றுதானே எல்லாரும் எழுதுகிறார்கள்? லொரெட்டா தன் இரட்டைப் பெண்களில் ஒருத்திக்கு பாட்ஸி என்று பெயர் வைத்தாரே, அவ்வளவு நன்றி. தொழிலில் பாட்ஸி மூத்தவர், வயதில் இல்லை. இதைக் கட்டுரையில் கண்டிப்பாகச் சேருங்கள்.

நூலகர்_மூத்தவர் | 11:55
இங்கே எல்லோரும் செய்திகளை வைத்தே பேசுகிறீர்கள். ஆய்வு என்றால் மூலப் பதிவுக்குப் போக வேண்டும். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தனிநபர் விவரங்கள் 72 ஆண்டு கழித்துப் பொதுவில் திறக்கப்படும். 1940 கணக்கெடுப்பு 2012 ஏப்ரலில் திறக்கப்பட்டது, 1950 கணக்கெடுப்பு 2022 ஏப்ரலில். கென்டக்கி, ஜான்சன் கவுண்டி (மாவட்டம்), வெப் குடும்பம் (லொரெட்டாவின் பிறந்த வீட்டுப் பெயர்), தகப்பனார் மெல்வின், தாயார் கிளாரா. இந்தப் பெயர்களை வைத்துத் தேடுங்கள். 1940இல் கணக்கு நாள் ஏப்ரல் 1. இவர் பிறந்த நாள் ஏப்ரல் 14. ஆகவே 1932 என்றால் வயது 7 என்று இருக்க வேண்டும், 8 என்று அல்ல. 1935 என்றால் 4. இந்த இரண்டு வார இடைவெளியைக் கவனிக்காமல் ஒரு வயது வித்தியாசம் வந்துவிட்டது என்று கூச்சல் போடுபவர்கள் பலர். 1950 பதிவை கென்டக்கியில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், அப்போது வாஷிங்டன் மாநிலத்தில் கணவர் பெயரில் இருப்பார். இது எல்லாம் அடிப்படை. பள்ளிப் பிள்ளைகளுக்கே சொல்லித் தருவது.

கோடைவானொலி | 12:02
அடிப்படை என்றால் அதைக் கோபமில்லாமல் சொல்லலாமே ஐயா. மாலைக்குள் பக்கம் முடிக்க வேண்டியவர் கேட்கிறார்.

நூலகர்_மூத்தவர் | 12:05
அவசரம் தவறான தேதிக்கு மன்னிப்பு ஆகாது.

ராகமாலிகா77 | 12:16
எனக்கு வேறு ஒரு வருத்தம். 2012 மே மாதம் அவருக்கு 80 முடிந்து ஒரு மாதம். அந்த வயதில் ஒரு பெண்ணின் சான்றிதழைத் தேடி எடுத்து ‘மூன்று வயது குறைத்துச் சொன்னார்’ என்று உலகத்துக்குச் சொல்வதில் என்ன பெருமை? முதல் இசைத்தட்டு 1960இல் வரும்போது அவருக்கு 27, 28 வயது, கையில் நான்கு பிள்ளைகள். இருபதுகளின் கடைசியில் நான்கு பிள்ளைக்காரியாக மேடை ஏறும் பெண்ணை இசைத்தட்டு நிறுவனங்கள் எப்படிப் பார்த்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வயதைக் குறைத்தது அந்த நிறுவனங்களாகத்தான் இருக்கும்.

மலைக்காற்று | 12:21
அதையேதான் நானும் சொல்கிறேன். நிறுவனம்தான் குறைத்திருக்கும்.

கிட்டார்_மணி | 12:29
முதல் தட்டை வெளியிட்டது ஜீரோ ரெக்கார்ட்ஸ் என்ற சின்ன நிறுவனம். அவரும் கணவரும் காரில் ஊர் ஊராகப் போய் வானொலி நிலையங்களில் தட்டைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அந்தப் பாட்டு பில்போர்டு இதழின் கன்ட்ரி பாடல் தரவரிசைப் பட்டியலில் 14ஆம் இடம் வரை ஏறியது. விளம்பரம் முழுக்க அவர்கள் கையில்தான் இருந்தது. யார் குறைத்தார்கள் என்று ஒரு வரி கூட எழுதாதீர்கள் தேன்மொழி. சான்றிதழ் சொல்வது தேதியை மட்டும்தான், காரணத்தை அல்ல.

ராகமாலிகா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் 13 வயதில் கல்யாணம் என்பது சாதாரணத் தகவல் அல்ல. அந்த எண்ணை வைத்துத்தான் லொரெட்டாவின் ஊர் இருக்கும் அப்பலாச்சிய மலைப்பகுதி மக்களைப் பற்றி வெளியில் இருப்பவர்கள் ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறார்கள். 15 என்பதும் சிறு வயதுதான், மாப்பிள்ளைக்கு அன்று 21. உண்மையே போதுமான அளவு கனமாக இருக்கிறது.

ராகமாலிகா77 | 12:37
அது சரி. ஆனால் அவர் பெருமை வயதிலா இருக்கிறது? கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் பெண் அவர். அதை விட்டுவிட்டு நாம் இங்கே பிறந்த தேதியைத் தோண்டுகிறோம்.

பழைய_ரிக்கார்டு | 12:41
இல்லை இல்லை. தனியாகப் பாடி அந்த இடத்தைப் பிடித்த முதல் பெண் கிட்டி வெல்ஸ், 1952இல். லொரெட்டாவின் முதல் முதலிடம் 1967. தேன்மொழி, ராகமாலிகா சொன்னதைப் போட்டுவிடாதீர்கள்.

ராகமாலிகா77 | 12:48
1972இல் முதல் பெண் என்ற பட்டம் வாங்கினாரே?

பழைய_ரிக்கார்டு | 12:53
அது வேறு. அது கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் தரும் ஆண்டின் சிறந்த கலைஞர் விருது. 1967இல் தொடங்கியது, 1971 வரை ஆண்கள்தான் வாங்கினார்கள். 1972இல் அதைப் பெற்ற முதல் பெண் லொரெட்டா. அகாடமி ஆஃப் கன்ட்ரி மியூசிக் என்று இன்னொரு அமைப்பு இருக்கிறது, அதன் விருது அவருக்கு 1975இல் வந்தது. பெயர்கள் ஒரே மாதிரி இருப்பதால் இரண்டையும் குழப்புகிறார்கள். ‘முதல் பெண்’ என்று எழுதினால் எதில் முதல் என்று அதே வரியில் எழுத வேண்டும்.

மலைக்காற்று | 12:58
கிட்டி வெல்ஸ் பாடியது ஒரு ஆணின் பாட்டுக்குப் பதில் பாட்டு. அதை எப்படி லொரெட்டாவோடு ஒப்பிடுகிறீர்கள்? லொரெட்டா தானே எழுதித் தானே பாடியவர். குடித்துவிட்டு வரும் கணவனையும், கருத்தடை மாத்திரையையும் பற்றிப் பாட்டாகவே பாடினார். 1975இல் அந்த மாத்திரைப் பாட்டைப் பல வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. என்னைக் கேட்டால் கணக்கில் வர வேண்டியது அதுதான்.

பழைய_ரிக்கார்டு | 13:04
மாத்திரைப் பாட்டை எழுதியதில் மற்றவர்களுக்கே பெரும்பங்கு. பாடிய துணிச்சல் அவருடையது, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 1952இல் ஒரு பெண் முதலிடம் வந்ததை ‘பதில் பாட்டு’ என்று ஒதுக்குவது நியாயமில்லை. அந்தக் கதவு திறந்ததால்தான் 1960இல் லொரெட்டாவின் தட்டை வானொலிக்காரர்கள் கையில் வாங்கினார்கள்.

நூலகர்_மூத்தவர் | 13:10
கேள்வி பிறந்த ஆண்டைப் பற்றியது. கிட்டி வெல்ஸுக்குத் தனி இழை தொடங்குங்கள்.

கோடைவானொலி | 13:18
தேன்மொழி, பிறந்த ஊரை எப்படி எழுதியிருக்கிறீர்கள்? சிலர் வான் லியர் என்றும் சிலர் புட்சர் ஹாலோ என்றும் எழுதுவார்கள். வான் லியர் நிலக்கரி நிறுவனம் கட்டிய ஊர், தகப்பனார் வேலை பார்த்த சுரங்கம் அங்கேதான். புட்சர் ஹாலோ அதற்கு அருகில் மலை மடிப்பில் இருக்கிறது, வீடு அங்கே. ‘வான் லியர் அருகே புட்சர் ஹாலோ’ என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது. இன்னும் ஏதாவது சந்தேகம் இருக்கிறதா?

கிட்டார்_மணி | 15:40
தேன்மொழி, பக்கம் போய்விட்டதா?

தேன்மொழி_எழுத்து | 18:52
போய்விட்டது. 1932, கல்யாணம் 15 வயது. பாட்டி வரியும் தங்கை வரியும் எடுத்துவிட்டேன். பாட்ஸி க்ளைன் விஷயத்தை ஆசிரியர் பெட்டிச் செய்தியாகப் போட்டார். எல்லோருக்கும் நன்றி.

கோடைவானொலி | 19:05
மகிழ்ச்சி. பழைய 1935 எப்படி வந்தது, 2012இல் எப்படி மாறியது என்று ஒரு வரியாவது சேர்த்தீர்களா? இல்லாவிட்டால் சுயசரிதை படித்த வாசகர்கள் உங்கள் தேதிதான் தவறு என்று கடிதம் எழுதுவார்கள்.

மலைக்காற்று | 19:31
கிட்டி வெல்ஸ் பற்றித் தனி இழை தொடங்கியிருக்கிறேன். பழைய_ரிக்கார்டு அங்கே வரவும்.