மத்தேய் ரிட்டயர் ஆனவரா, இல்லையா?

கருவூலத்தார்:
நேற்று மூணாம் பெஞ்சு போட்ட பட்டியலைப் பார்த்தேன். "ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி, தப்பித்துத் திரியும் கொலைகாரனைத் தேடிப் போகும் கதைகளில் முதலிடம், சுவிஸ் எழுத்தாளர் ட்யூரன்மாட் எழுதிய 'வாக்குறுதி' (1958)" என்று எழுதியிருக்கிறார். கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு. தட்டியவர்களில் எத்தனை பேர் நாவலைத் திறந்து பார்த்தீர்கள்? அதில் வரும் மத்தேய் ஓய்வுபெற்றவரே அல்ல. ஜூரிக் மாநில போலீஸில் வேலையில் இருந்தவர். ஜோர்டான் நாட்டு போலீஸைச் சீரமைக்க ஆள் வேண்டும் என்று கேட்டதால் அங்கே அனுப்பப்படுகிறார். எங்கள் பாஷையில் இதற்கு அயற்பணி என்று பெயர். முப்பத்திரண்டு வருடம் பணிப்பதிவேடு எழுதிய கை சொல்கிறது, அயற்பணி வேறு, ஓய்வு வேறு.

மூணாம் பெஞ்சு:
வணக்கம் கருவூலத்தாரே. உங்களைக் காணவில்லையே என்று நினைத்தேன். சரி, அவர் ஜோர்டான் போனாரா? விமான நிலையம் வரை போனவர், அங்கே குழந்தைகள் கூட்டத்தைப் பார்த்ததும் விமானம் ஏறாமல் திரும்பிவிடுகிறார். வந்து பார்த்தால் அவர் நாற்காலியில் இன்னொரு போலீஸ் அதிகாரி ஹென்சி. அப்புறம் அவர் சூர் நகருக்குப் பக்கத்தில் பெட்ரோல் பங்க் நடத்துகிறார். யூனிஃபார்ம் கிடையாது, சம்பளம் கிடையாது, அதிகாரம் கிடையாது. இப்படிப்பட்டவரை வேறு எப்படிச் சொல்வீர்கள்?

நள்ளிரவு வாசகி:
சூர் இல்லை, கூர். ஜெர்மன் உச்சரிப்பு.

மூணாம் பெஞ்சு:
நன்றி மேடம். கூர். பெட்ரோல் பங்க் அதே இடத்தில்தான் இருக்கிறது.

கருவூலத்தார்:
பதவி போவதும் ஓய்வும் ஒன்றா? சஸ்பெண்ட் ஆனவரை ஓய்வுபெற்றவர் என்பீர்களா? ராஜினாமா செய்தவரை? தமிழ்நாட்டில் இன்றைக்கு அறுபது வயது முடியும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு. அதற்கு முன்னால் போக வேண்டுமானால் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். மத்தேய் எழுதிக் கொடுத்தாரா? எந்தப் பக்கத்தில்? பக்க எண் சொல்லுங்கள், நான் இந்த இடத்தை விட்டே போய்விடுகிறேன்.

மலைக்கோட்டை வாசி:
சுவிட்சர்லாந்தில் தமிழ்நாடு அரசாணை செல்லுபடியாகுமா சார்?

நள்ளிரவு வாசகி:
இந்த நாவலில் பேச எவ்வளவோ இருக்கிறது. கிரிட்லி மோசர் என்ற சிறுமி காட்டில் கொல்லப்பட்டுக் கிடக்கிறாள். உடலைக் கண்டு சொன்ன தெருவியாபாரி ஃபான் குன்டனையே பிடித்துவைத்து, மணிக்கணக்காக விசாரித்து ஒப்புக்கொள்ள வைக்கிறார்கள். அவன் சிறையிலேயே தூக்கு மாட்டிக்கொள்கிறான். கேஸ் முடிந்தது என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். அந்தப் பெண்ணின் அம்மாவிடம் மத்தேய் தன் ஆத்மாவின் மேல் ஆணையாக வாக்குக் கொடுத்திருக்கிறார். கொலைகாரன் இன்னும் வெளியே இருக்கிறான் என்று நம்புகிற ஒரே ஆள் அவர்தான். அதற்காக இன்னொரு சிறுமியை, அவள் தாய்க்கே தெரியாமல், தூண்டிலில் புழு மாதிரி மாட்டி வைக்கிறாரே, அது சரியா? இதைப் பற்றி யாராவது பேசுவீர்களா?

கருவூலத்தார்:
நல்ல கேள்வி அம்மா. பிறகு வருகிறேன். முதலில் பெஞ்சு பக்க எண் சொல்லட்டும்.

பாக்கெட் நாவல் பித்தன்:
எல்லாரும் அந்த நாவலைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறீர்கள். எனக்கு அதன் முடிவுதான் பிரச்சினை. அந்தச் சிறுமி வரைந்த படத்தில் இருக்கும் ராட்சதன், கறுப்புக் கார், கொம்பு வைத்த ஆடு எல்லாவற்றையும் வைத்து மத்தேய் சரியான வழியில், சரியான ஊரில் போய் உட்காருகிறார். முள்ளம்பன்றி என்று அவள் வரைந்தது சாக்லேட் உருண்டை. ஆடு, கார் நம்பர் பிளேட்டில் இருக்கும் மாநிலச் சின்னம். அடடா, எவ்வளவு அழகு! போலீஸ் படையே காட்டில் பதுங்கிக் காத்திருக்கிறது. கடைசியில் என்ன ஆகிறது? கொலைகாரன் வரும் வழியில் கார் விபத்தில் செத்துப்போனானாம். நம் ஊர் மாத நாவலில் இப்படி முடித்திருந்தால் வாசகர் கடிதம் எழுதியே ஆசிரியரை ஓட ஓட விரட்டியிருப்பார்கள்.

அரைத்தூக்கம்:
ஐயா! நான் பாதிதான் படித்திருக்கிறேன். முடிவைப் போட்டு உடைத்துவிட்டீர்களே!

பாக்கெட் நாவல் பித்தன்:
புத்தகம் வந்து அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது தம்பி. இன்னும் எவ்வளவு நாள் காத்திருப்பது?

நள்ளிரவு வாசகி:
பித்தன் சார், அந்த முடிவுதான் நாவலே. அதன் துணைத்தலைப்பைப் பார்த்தீர்களா? துப்பறியும் நாவலுக்கு ஓர் இரங்கற்பா. ட்யூரன்மாட் இதை முதலில் சினிமாவுக்குத்தான் எழுதினார். லாடிஸ்லாவ் வாய்டா இயக்கி 1958-இல் வந்த படம். ஹைன்ஸ் ரூமன் மத்தேயாக நடித்தார், கெர்ட் ஃப்ரோபே கொலைகாரனாக. அதில் கொலைகாரன் மாட்டுகிறான். அதில் மனம் ஒப்பாமல்தான் அதே கதையை எடுத்து நாவலாக மாற்றினார். புத்தி சரியாகக் கணக்குப் போட்டது, உலகம் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படவில்லை. நீங்கள் ஏமாற்று என்று சொல்வதைத்தான் அவர் வேண்டுமென்றே வைத்திருக்கிறார்.

பாக்கெட் நாவல் பித்தன்:
வேண்டுமென்றே ஏமாற்றினாலும் ஏமாற்று ஏமாற்றுதான் மேடம். ஹோட்டலில் காசை வாங்கிக்கொண்டு வெறும் இலையைப் போட்டுவிட்டு, "பசி என்றால் என்ன என்று உணர்த்தவே இப்படிச் செய்தோம்" என்றால் சும்மா விடுவீர்களா?

கருவூலத்தார்:
விபத்து ஒரு பக்கம் இருக்கட்டும். இப்போது புரிகிறது. பெஞ்சு நாவலைப் படிக்கவே இல்லை. 2001-இல் ஷான் பென் எடுத்த அமெரிக்கப் படத்தைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். அதில்தான் ஜாக் நிக்கல்சன் ரிட்டயர் ஆகிறார். பிரிவு உபசார விருந்து நடக்கும்போதே கொலைச் செய்தி வருகிறது. மீன்பிடிக்கப் போக விமான டிக்கெட் பரிசளிக்கிறார்கள். அங்கே ஓய்வு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதை சுவிட்சர்லாந்திலிருந்து நெவாடாவுக்கு வந்து, பெயரும் ஜெர்ரி பிளாக் என்று மாறிவிட்டது. பட்டியலில் இருப்பது 1958 நாவல். மாட்டிக்கொண்டீர்களா?

மூணாம் பெஞ்சு:
நான் நாவலை ஆங்கிலத்தில் இரண்டு முறை படித்தவன். படித்தாயா என்று என்னைக் கேட்க உங்களுக்கு என்ன தைரியம்? போன வருடம் கணேஷ்-வசந்த் விவாதத்தில் கணேஷை "போலீஸ் இன்ஸ்பெக்டர்" என்று எழுதிவிட்டு, அவர் வக்கீல் என்று நான் திருத்தியதும் ஒரு வாரம் தலைமறைவானவர் நீங்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது.

கருவூலத்தார்:
அது தட்டச்சுப் பிழை.

மூணாம் பெஞ்சு:
வக்கீல் என்று தட்டப்போய் போலீஸ் இன்ஸ்பெக்டர் என்று வந்துவிட்டது. சரி, நம்பிவிட்டோம்.

சங்கு முழங்கி:
கதையை விடுங்கள், நிஜத்தைப் பாருங்கள். ஃபிராங்க் ஹேமர். அமெரிக்காவில் டெக்சஸ் ரேஞ்சர் என்ற மாநில போலீஸ் வேலையை 1932-இல் விட்டு வெளியே வந்தவர். 1934 ஜனவரியில் கொள்ளைக்காரன் கிளைட் பாரோவின் கும்பல் ஈஸ்ட்ஹாம் சிறைப் பண்ணையிலிருந்து ஆட்களைத் தப்பிக்க வைத்தது. அதில் ஒரு காவலர் செத்தார். சிறைத்துறைத் தலைவர் லீ சிம்மன்ஸ் நேராக ஹேமரிடம் போய் நின்றார். மே 23 அன்று லூசியானாவில் சாலையோரம் மறைந்திருந்து, கிளைட், அவன் கூட்டாளி பானி இருவரையும் காரிலேயே சுட்டுக் கொன்றார்கள். ஓய்வுபெற்ற போலீஸ், தப்பிய கொலைகாரன், தேடல், எல்லாம் நிஜம். விபத்து கிபத்து எதுவும் கிடையாது.

கருவூலத்தார்:
நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் ஹேமரை மறுபடி அரசுப் பணியில் சேர்த்துத்தானே அனுப்பினார்கள்? நெடுஞ்சாலை ரோந்துப் படையில் பணியாணை கொடுத்து, சிறைத்துறையின் சிறப்பு விசாரணை அதிகாரியாக அனுப்பினார்கள். அப்படியானால் தேடியபோது அவர் பணியில் இருப்பவர். மறுநியமனம்.

சங்கு முழங்கி:
உங்களுக்கு உலகத்தில் யாருமே ரிட்டயர் ஆகக்கூடாதா?

மலைக்கோட்டை வாசி:
இவர்கள் கையில் கோப்பு போனால் அப்படித்தான். என் அப்பா ரிட்டயர் ஆகி, பென்ஷன் கோப்பு ஓர் அலுவலகத்தில் பதினோரு மாதம் கிடந்தது. ஒரு தேதி தவறாம். அந்தத் தேதியை எழுதியது அவர்களே.

கருவூலத்தார்:
அதற்கு நான் என்ன செய்ய முடியும்? நான் இருந்த இடத்தில் எந்தக் கோப்பும் மூன்று நாளுக்கு மேல் தங்கியதில்லை.

மலைக்கோட்டை வாசி:
எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

கருவூலத்தார்:
விஷயத்துக்கு வருவோம். உங்களுக்கு ஓய்வுபெற்ற போலீஸ்தான் வேண்டுமென்றால் அதே ட்யூரன்மாட்டிடமே இருக்கிறார். பெர்ன் நகரத்துக் கமிஷனர் பெர்லாக். 'சந்தேகம்' என்ற நாவல். 1948-ஆம் வருடக் கடைசி. புற்றுநோயோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறார். 'லைஃப்' பத்திரிகையில் ஒரு புகைப்படம். ஸ்டுட்ஹோஃப் வதை முகாமில் மயக்க மருந்து கொடுக்காமல் மனிதர்களை அறுத்த நாஜி டாக்டர். பக்கத்தில் இருக்கும் நண்பர் டாக்டர் ஹங்கர்டோபல் அதைப் பார்த்து முகம் வெளுக்கிறார். அந்த ஆள் இப்போது எம்மன்பெர்கர் என்ற பெயரில் ஜூரிக்கில் பணக்காரர்களுக்கு மருத்துவமனை நடத்துகிறானோ என்ற சந்தேகம். புத்தாண்டோடு பெர்லாக்கிற்கு ஓய்வு. நடக்கவே முடியாத கிழவர், நோயாளியாகவே அந்த மருத்துவமனைக்குள் போய்ப் படுக்கிறார். இதுதான் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் தப்பிய கொலைகாரனைத் தேடும் கதை. இது ஏன் பட்டியலில் இல்லை? தெரியாது, அவ்வளவுதான்.

நள்ளிரவு வாசகி:
இதை முதலிலேயே எழுதியிருக்கலாமே! முழு இழையிலும் உருப்படியான பதிவு இதுதான்.

மூணாம் பெஞ்சு:
ஒரு நிமிடம். புத்தாண்டோடுதானே ஓய்வு? படத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டது அதற்கு முன்னால். அப்படியானால் வேட்டை தொடங்கியபோது பெர்லாக் பணியில் இருப்பவர், மருத்துவ விடுப்பில். உங்கள் கணக்குப்படி அவரும் ஓய்வுபெற்றவர் இல்லை. பக்க எண் சொல்லுங்கள், நான் இந்த இடத்தை விட்டே போய்விடுகிறேன்.

கருவூலத்தார்:
விதண்டாவாதம். மருத்துவமனைக்குள் போனபோது ஓய்வு நடைமுறைக்கு வந்தாயிற்று. இடையில் சில நாள். அதை எந்தத் தணிக்கையும் கேட்காது.

மூணாம் பெஞ்சு:
மத்தேய்க்கு மட்டும் தணிக்கை கேட்குமா?

பாக்கெட் நாவல் பித்தன்:
ஓய்வுபெற்ற போலீஸ் என்றால் அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் பாய்ரோவை ஏன் யாரும் சொல்லவில்லை? பெல்ஜியம் போலீஸில் இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வு போதவில்லை என்று இன்னொரு தடவை ரிட்டயர் ஆகி, 1926 நாவலில் கிராமத்தில் சுரைக்காய் வளர்க்கப் போனவர். இரண்டு ஓய்வு! கருவூலத்தார் இதற்கு என்ன சொல்வார்?

கருவூலத்தார்:
இரண்டு பென்ஷன் கிடையாது.

மலைக்கோட்டை வாசி:
யாரும் கவனிக்காத ஒன்று. 'வாக்குறுதி'யில் மத்தேயின் கதையை யார் சொல்கிறார்? ஜூரிக் போலீஸின் முன்னாள் தலைவர் டாக்டர் ஹெச். கூரில் பேச வந்த துப்பறியும் கதை எழுத்தாளரைத் தன் காரில் ஜூரிக்குக் கூட்டிப் போகும்போது, வழியில் அந்தப் பெட்ரோல் பங்கில் நிறுத்தி, பிறகு முழுக்கதையும் சொல்கிறார். கடைசியில் உண்மை தெரிய வருவதும் அவருக்குத்தான். சாகக் கிடக்கும் கிழவி ஒருத்தி அவரைக் கூப்பிட்டுச் சொல்கிறாள். ஆக நாவலில் ஓய்வுபெற்ற போலீஸ் ஒருவர் இருக்கத்தான் செய்கிறார். அவர் மத்தேய் இல்லை.

மூணாம் பெஞ்சு:
அப்படிப் பார்த்தாலும் என் பட்டியல் சரிதான்.

கருவூலத்தார்:
எப்படிச் சரி? அவர் யாரையும் தேடவில்லை. கார்தான் ஓட்டினார்.

நள்ளிரவு வாசகி:
அந்தப் பெட்ரோல் பங்கில் குடித்துவிட்டு, "காத்திருக்கிறேன், அவன் வருவான், வருவான்" என்று முனகிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே ஒரு கிழவர். கருவூலத்தார் பக்க எண்ணுக்குக் காத்திருப்பதைப் பார்த்தால் அவர் ஞாபகம்தான் வருகிறது.

கருவூலத்தார்:
குடிப்பழக்கம் எனக்குக் கிடையாது அம்மா. மற்றபடி காத்திருக்கத்தான் செய்கிறேன்.

அரைத்தூக்கம்:
பெர்லாக் கதையின் முடிவையாவது சொல்லாமல் விடுங்கள். அதை இன்னும் வாங்கவே இல்லை.

பாக்கெட் நாவல் பித்தன்:
அதில் ஒரு ராட்சத மனுஷன் வந்து

நள்ளிரவு வாசகி:
பித்தன் சார்!

கருவூலத்தார்:
தம்பி, வாங்கினால் இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். 'வாக்குறுதி'யைப் படிக்கும்போது பக்கத்தில் ஒரு பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். மத்தேய் ஓய்வுபெற்றார் என்று ஓரிடத்தில் இருந்தாலும் கோடு போட்டு எனக்கு அனுப்புங்கள். பெஞ்சுக்கும் ஒரு நகல்.

மூணாம் பெஞ்சு:
அந்த பென்சிலாலேயே பெட்ரோல் பங்க் வரும் இடத்திலும் ஒரு கோடு போடுங்கள் தம்பி.