புதுப்பிப்பு: வால்பாறை வீட்டில் கூரை சொட்டுவது நின்றது

போன வருஷம் மார்கழியில் எழுதியிருந்தேன்: காற்றுப்போக்கு இல்லாத தகரக் கூரை, அடியில் கண்ணாடிப் பஞ்சு, சீலிங், ஆனாலும் விடியற்காலையில் தண்ணீர் சொட்டுகிறது என்று. ஸ்குரூ ஓட்டைகளையெல்லாம் அடைத்தேன். மழையில்லாத நாளிலும் சொட்டியது!

சீலிங்கைப் பிரித்ததும் புரிந்தது. சமையல் ஆவியும் மூச்சுக்காற்றின் ஈரமும் பஞ்சைக் கடந்து, குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகியிருக்கின்றன. "பஞ்சு சூட்டைத்தான் தடுக்குங்க, காத்தைத் தடுக்காதுங்க" என்றார் பொள்ளாச்சி மேஸ்திரி. சரியான பேச்சு.

நனைந்த பஞ்சை எடுத்து, சட்டங்களை நன்றாகக் காயவிட்டு, குமிழ்கள் மூடிய வகை பாலியூரித்தேன் ஃபோமை (தெளித்ததும் இறுகி, காற்றையும் ஈரத்தையும் தகரம்வரை போகவிடாத நுரை) தகரத்தோடு ஒட்டி, இடைவெளியே இல்லாமல் 2 அங்குலம் தெளித்தோம். அப்புறம் அடுப்படியில் எக்ஸாஸ்ட் ஃபேன். பனி உறையும் நாடுகளில் இந்தக் கனம் போதாது.

இந்த மார்கழியில் ஒரு சொட்டும் இல்லை. அம்மா கட்டிலைப் பழைய இடத்திலேயே போட்டுக்கொண்டார்.