பழைய தனி வீடு விக்கணும், வர்றவங்க பார்த்துட்டு போயிடறாங்க. வித்தியாசமா ஏதாவது ஐடியா இருக்கா?

கேம்ப்ரோடு வாசி:
வணக்கம் மக்களே. கிழக்கு தாம்பரம் பக்கம் சேலையூர்ல அப்பா 1999ல கட்டின தனி வீடு, அரை கிரவுண்டு, தரைத்தளம் மட்டும் தான், ரெண்டு பெட்ரூம், கிழக்கு பார்த்த வாசல். அப்பா தவறினதுக்கு அப்புறம் அம்மா எங்க கூடவே கோயம்புத்தூர் வந்துட்டாங்க, வீடு பூட்டியே கிடக்கு, சரி வித்துடலாம்னு 85 லட்சம் சொல்லி நெட்ல போட்டோம். வர்ற போன் முக்காவாசி புரோக்கருங்க. நேர்ல வர்றவங்க ஹால், கிச்சன், மொட்டை மாடின்னு ஒரு சுத்து சுத்திட்டு "நல்லா இருக்கு சார், வீட்ல கலந்து பேசிட்டு சொல்றோம்"னு போறாங்க, அதோட சரி. பெயிண்ட் அடிச்சாச்சு, ரூம் ஸ்பிரே கூட அடிச்சு பார்த்தாச்சு. அதே ரோட்ல ஒரு பில்டர் ஃப்ளாட் புக் பண்ணா தங்க காசு, மாடுலர் கிச்சன் இலவசம்னு பேனர் கட்டியிருக்கார். நாமளும் அந்த மாதிரி ஏதாவது பண்ணாத்தான் ஆள் வருமா? அனுபவம் இருக்கவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஏரிக்கரையான்:
தங்க காசெல்லாம் விடுங்க சார், அது பில்டர் விலைல ஏத்தி வச்சுட்டு திருப்பி குடுக்கறது. உங்க ஏரியாவுல வீடு பார்க்க வர்றவன் மனசுல ஓடற மொத கேள்வி என்ன தெரியுமா, "2015ல இங்க தண்ணி வந்துச்சா?" அவ்ளோதான். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் அந்த டிசம்பர்ல படகு விட்டதை டிவில பார்த்தவங்க தான் இப்ப வாங்க வர்றாங்க, தாம்பரம்னு சொன்னாலே மேற்கா கிழக்கான்னு கூட பார்க்காம பயப்படறாங்க. ஆனா நேர்ல வந்து கேட்க கூச்சம், கேட்டாலும் ஓனர் உண்மையை சொல்ல மாட்டார்னு ஒரு நினைப்பு. கிளம்பிப் போய் ரெண்டு தெரு தள்ளி டீக்கடைல விசாரிப்பாங்க, அங்க ஒருத்தர் "அந்த தெருவா, கொஞ்சம் நிக்கும்"னு சும்மா சொல்லிட்டா போதும், போன் எடுக்க மாட்டாங்க.

அதனால அடுத்த மழைக்கு ஆளை வச்சாவது தெருமுனைல இருந்து உங்க வாசல் வரைக்கும் நடந்துக்கிட்டே ஒரே ஷாட்ல வீடியோ எடுங்க, கட் பண்ணாம, மழை பெய்யும்போதே. 2023 மிக்ஜாம் புயல் அப்ப எடுத்த போட்டோ பக்கத்து வீட்டுக்காரங்க போன்ல கண்டிப்பா இருக்கும், கேட்டு வாங்குங்க. விளம்பரத்துல மொத படமே அதுவா இருக்கட்டும். சோபா, டைல்ஸ் எல்லாரும் தான் போடறான், மழை நாள் தெருவை எவனும் போடறதில்ல. ஒருவேளை முழங்கால் தண்ணி நின்னுருந்தா அதையும் மறைக்காதீங்க, எந்த அளவு வந்துச்சு, வீட்டுக்குள்ள ஏறலைன்னு சொல்லிடுங்க.

கம்பி கட்டுற இன்ஜினியர்:
மேல சொன்னது சூப்பர். நான் வேற பக்கம் இருந்து சொல்றேன். 1999 வீடுன்னா வாங்கறவர் மனசுல அது பாதி மனை, பாதி வீடு. பேங்க் வேல்யூவர் கூட கட்டடத்துக்கு வயசுக்கு ஏத்த மாதிரி கழிச்சுட்டு தான் மதிப்பு போடுவார். நீங்க "அழகான ரெண்டு பெட்ரூம்"னு எழுதினா புது ஃப்ளாட்டோட போட்டி போடறீங்க, அதுல ஜெயிக்க முடியாது.

அதுக்கு பதிலா லோக்கல்ல ஒரு சிவில் இன்ஜினியரை கூப்பிட்டு அஸ்திவாரம், பில்லர் எல்லாம் பார்க்க சொல்லுங்க. மேல ஒரு தளம் தாங்கும்னு அவர் எழுதிக் குடுத்தா, தனி படிக்கட்டோட மேல ஒரு போர்ஷன் எப்படி வரும்னு சிம்பிளா ஒரு பிளான் வரைஞ்சு வாங்கி ஹால் சுவத்துல ஒட்டிடுங்க. கீழ நாம இருக்கலாம், மேல வாடகைக்கு விடலாம்னு பார்த்ததும் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் அங்கேயே நின்னு கணக்கு போட ஆரம்பிச்சுடுவாங்க. தாங்காதுன்னு சொன்னா விட்டுடுங்க, பொய்யா ஒட்டாதீங்க, அது உயிர் விஷயம்.

இடிச்சுட்டு கட்டற ஐடியால வர்றவங்களுக்கு இன்னொரு பாயிண்ட் இருக்கு. 2500 சதுர அடிக்குள்ள இருக்க மனைல 3500 சதுர அடி வரைக்கும் தரைத்தளம் பிளஸ் ஒண்ணு கட்ட, சுயசான்று முறைல, அதாவது விதிப்படி தான் கட்டறேன்னு நாமளே உறுதி குடுத்து, ஆன்லைன்லயே உடனடி அனுமதி 2024 ஜூலைல இருந்து இருக்கு. உங்க அரை கிரவுண்டு 1200 சதுர அடி தானே, அதுக்குள்ள வந்துடும். பிளான் அப்ரூவலுக்கு அலையணுமேன்னு பயப்படறவங்க நிறைய பேருக்கு இது தெரியவே தெரியாது, விளம்பரத்துல ஒரு வரி சேருங்க.

மீனாட்சி வீதி அக்கா:
தம்பி, நாங்க மதுரைல எங்க மாமியார் வீட்டை வித்தோம், அதுல ஒண்ணு கண்டுக்கிட்டேன். வாங்குன ஆளு எங்கயோ நெட்ல பார்த்து வரல, அதே தெருவுல வாடகைக்கு இருந்தவரோட தம்பி. பிள்ளை ஸ்கூலு, கோயிலு, பால்காரர் எல்லாம் பழகிப் போன இடம்னு அந்த ஏரியாவை விட்டுப் போக மனசு வராதவங்க தான் பழைய வீட்டைக்கூட விரும்பி வாங்குவாங்க. அதனால இஸ்திரி கடை, பால் பூத்து, மளிகை கடை, பக்கத்து அப்பார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பு இங்கல்லாம் மொதல்ல சொல்லுங்க. உங்க பக்கம் ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன், கிறிஸ்துவ காலேஜ், மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் எல்லாம் இருக்குல்ல, அங்க வேலை பார்க்குறவங்க காதுல விழணும். ரிட்டயர் ஆகப் போற ஏர்ஃபோர்ஸ்காரங்க நெறைய பேரு அங்கேயே செட்டில் ஆகத்தான பார்க்குறாங்க.

அப்புறம் போட்டோ. போன்ல அகலமா காட்டுற அந்த 0.5 லென்ஸ்ல எடுக்காதீங்க தம்பி, படத்துல கல்யாண மண்டபம் மாதிரி தெரியும், நேர்ல வந்து பார்த்தா மூஞ்சி சுருங்கிப் போகும், அதோட முடிஞ்சது. காலைல வெளிச்சம் நல்லா வர்ற நேரத்துல ஜன்னலைத் தொறந்து வச்சுட்டு சாதா லென்ஸ்ல எடுங்க. ஒவ்வொரு ரூமோட நீள அகலத்தையும் ஒரு பேப்பர்ல வரைஞ்சு போடுங்க, பொம்பளைங்களுக்கு நம்ம பீரோ கட்டிலு உள்ள போகுமான்னு தான் மொதல்ல தெரியணும். ரூம் ஸ்பிரே வேணவே வேணாம், எதையோ மறைக்கிறாங்கன்னு தான் தோணும். பூட்டிக் கெடந்த வீட்டுல பாத்ரூம்ல தண்ணி ஓடாம டிரெயின் காஞ்சு போயி நாத்தம் வரும், யாரையாவது விட்டு வாரா வாரம் எல்லா பைப்பையும் தொறந்து விட சொல்லுங்க, பாதி சரியாயிடும். சுவத்துல ஓதம் இருந்தா பெயிண்ட மேல பூசாம மூலத்தை அடைங்க.

கேம்ப்ரோடு வாசி:
அக்கா, இன்ஜினியர் சார், ஏரிக்கரையான் சார் மூணு பேருக்கும் நன்றி. ஓதம் பின்பக்க பாத்ரூம் சுவத்துல கொஞ்சம் இருக்கு, பார்க்கிறேன். ஒரு விஷயம் சொல்ல விட்டுட்டேன், வீடு இன்னும் அப்பா பேர்ல தான் இருக்கு. வாரிசு நான், அம்மா, அக்கா. அக்கா கனடாவுல இருக்கா. இதை வர்றவங்க கிட்ட எடுத்ததுமே சொல்லலாமா இல்ல விலை பேசி முடிஞ்சதும் சொல்லிக்கலாமா?

பத்திர ஆபீஸ் வாசல்:
அங்க தான் சார் வீடு பார்க்க வர்றவங்க திரும்பி வராம போறாங்கன்னு நினைக்கிறேன். வில்லங்கம், அதாவது சொத்து மேல பதிவான பத்திர விவரம், இப்ப யார் வேணா டிஎன்ரெஜிநெட்ங்கற பதிவுத்துறை வெப்சைட்ல இலவசமா பார்க்கலாம், வர்றவங்க வீட்டுக்கு போய் பார்த்திருப்பாங்க, பத்திரத்துல ஒரு பேரு, விக்கறவர் வேற பேரு, ஏதோ பங்காளி தகராறுன்னு அவங்களா முடிவு பண்ணியிருப்பாங்க. எடுத்ததுமே சொல்லுங்க, ஆனா எல்லாத்தையும் ரெடி பண்ணிட்டு சொல்லுங்க. வாரிசு சான்றிதழ் வாங்கி பட்டாவை மூணு பேர் பேருக்கும் மாத்துங்க, வீட்டு வரி, ஈபி கார்டும் அப்படியே. அக்கா வர முடியலைன்னா அங்க இந்திய தூதரகத்துல கையெழுத்து போட்டு, அவங்க சார்பா விக்கறதுக்கு பவர் பத்திரம் அனுப்பணும், அது இங்க வந்து சேர்ந்த மூணு மாசத்துக்குள்ள முத்திரைக் கட்டணம் கட்டணும், தள்ளிப் போடாதீங்க.

இன்னொண்ணு, 50 லட்சமும் அதுக்கு மேலயும் போனா வாங்கறவர் 1 சதவீதம் வரி பிடிச்சு கட்டணும், அது எல்லாருக்கும் தெரியும். அக்கா வெளிநாட்டுல குடியிருக்கறதால அவங்க பங்குக்கு அந்த 1 சதவீதம் கணக்கே கிடையாது, அதிகமா பிடிக்கணும், 50 லட்ச வரம்பும் பொருந்தாது. இதை கடைசி நேரத்துல வாங்கறவரோட ஆடிட்டர் சொன்னார்னா மனுஷன் மிரண்டு ஓடிடுவார். நீங்களே முன்னாடியே ஒரு ஆடிட்டர் கிட்ட பேசி, எவ்ளோ பிடிக்கணும், எப்படி கட்டணும்னு அரை பக்கத்துல எழுதி வாங்கி கையில குடுங்க.

இலவசமா ஏதாவது குடுத்தே ஆகணும்னா பத்திர செலவுல கை வைங்க. முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம், 85 லட்சத்துக்கு 7 லட்சத்து 65 ஆயிரம் ஆகுது, இதுக்கு பேங்க் லோன் கிடைக்காது, கைக்காசு தான். அதுல ஒரு லட்சம் நாங்க ஏத்துக்கறோம்னு சொல்லிப் பாருங்க, விலைல ஒரு லட்சம் குறைக்கறதை விட அவங்களுக்கு அது பெருசா தெரியும். பாதி பணம் ரொக்கமா தர்றேன்னு எவனாவது வந்தா வேணாம் சொல்லிடுங்க, சொத்து விக்கும்போது 20,000 ரூபாயும் அதுக்கு மேலயும் ரொக்கமா வாங்கினா வாங்கின தொகைக்கு சமமா அபராதம் வரலாம்.

சும்மா_படிக்கிறவன்:
எல்லாம் சரி. பக்கத்துல சமீபத்துல என்ன விலைக்கு முடிஞ்சுதுன்னு விசாரிச்சீங்களா? 85 அதிகமா இருந்தா மழை வீடியோ, பிளான், ஆடிட்டர் லெட்டர் எதுவும் வேலைக்கு ஆகாது.

ஏரிக்கரையான்:
அதுவும் உண்மை தான். அப்புறம் நெட்ல நம்பர் போட்டிருக்கீங்க, "ராணுவத்துல இருக்கேன், வீட்டை பார்க்கவே வேணாம், அட்வான்ஸ் அனுப்பறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க"ன்னு ஒருத்தன் கண்டிப்பா போன் பண்ணுவான். நமக்கு பணம் வர்றதுக்கு நாம எதையும் ஸ்கேன் பண்ண வேண்டியதில்ல, பின் நம்பரும் போட வேண்டியதில்ல. பத்திர ஜெராக்ஸும் கேட்டவனுக்கெல்லாம் வாட்ஸ்அப்ல தட்டி விடாதீங்க, குறுக்க "பார்வைக்கு மட்டும்"னு பெருசா எழுதிட்டு நேர்ல வந்தவங்களுக்கு குடுங்க.

மீனாட்சி வீதி அக்கா:
ஆடி பொறக்கப் போகுது தம்பி, யாரும் அட்வான்ஸ் குடுக்க மாட்டாங்க. ஆனா பார்க்க வருவாங்க, ஆடில பார்த்து வச்சுட்டு ஆவணில முடிக்கிறவங்க தான் நெறைய. இந்த மாசத்துல ஓதம், பட்டா வேலையெல்லாம் முடிச்சுட்டு ஆடி கடைசில புதுசா போட்டோ மாத்திப் போடுங்க, பழைய விளம்பரத்தை அழிச்சுட்டு. ரொம்ப நாளா கெடக்குற விளம்பரம்னா வீட்டுல ஏதோ குறைன்னு நெனைப்பாங்க.

கேம்ப்ரோடு வாசி:
சரிக்கா. பட்டாவுக்கு இந்த வாரமே மனு போட்டுடறேன். விலை விஷயம், எங்க தெருவுல ரெண்டு வீடு தள்ளி ஒண்ணு வித்திருக்காங்க, அந்த ஓனர் நம்பரை இஸ்திரி கடைக்காரர் வாங்கித் தர்றேன்னு சொல்லியிருக்கார், பேசிட்டு வந்து இங்க போடறேன்.