உதவி: சீன வாக்கியத்துல இடம் எங்க வரும்?

புதுமாணவன்: எழுவாய், வினை, செயப்படுபொருள்னுதான் படிச்சேன். அப்படியே எழுதினா தப்புங்கறாங்க. இடத்தை எங்க வைக்கணும்? நாளைக்குப் பரீட்சை.

சொல்வரிசை: எந்த வாக்கியம்? என்ன வினை?

கிழக்குவாசல்: எந்த வாக்கியமா இருந்தாலும் தமிழ் வரிசையைப் பிடிச்சுக்குங்க: ஆள், நேரம், இடம், வினை. செயப்படுபொருளை மட்டும் வினைக்குப் பின்னால தள்ளணும். 'வோ ஜின்தியென் ட்சாய் ஷீதாங் ச்சீ ஃபான்', நான் இன்னைக்கு கேன்டீன்ல சாப்பிடறேன். 'ட்சாய்'தான் நம்ம '-ல', 'ச்சீ' சாப்பிடு, 'ஃபான்' சாப்பாடு. எப்பவும் சரியா வரும்.

நாலாம்தொனி: 'எப்பவும்' கிடையாது. ஜூயூ எழுவாய், வெய்யூ பயனிலை, பின்யூ செயப்படுபொருள், திங்யூ பெயருக்கு அடை, ஜுவாங்யூ வினைக்கு முன்னால வர்ற அடை, பூயூ வினைக்குப் பின்னால வந்து நிரப்புறது. இந்த ஆறும் தெரியாம பரீட்சைக்கு ஏன் போறீங்க தம்பி?

புதுமாணவன்: 'வோ ச்சீ ஃபான் ட்சாய் ஷீதாங்' தப்பாம். ஆனா பெய்ஜிங்ல வசிக்கிறேன்னு 'வோ ஜூ ட்சாய் பெய்ஜிங்' எழுதினது சரியாம். ரெண்டுலயும் 'ட்சாய்' பின்னாலதானே?

சொல்வரிசை: இதை முதல்லயே போட்டிருக்கலாம். செயல் நடக்கிற இடம் ஜுவாங்யூ, வினைக்கு முன்னால. ஆளோ பொருளோ போய்த் தங்குற இடம்னா பின்னால வரலாம். ஜூ (வசி), ட்சுவோ (உட்கார்), ஃபாங் (வை), சியெ (எழுது) மாதிரி வினைகள். 'தா ட்சாய் ஹெய்பான் ஷாங் சியெ ட்சு': அவர் கரும்பலகையில எழுதறார். 'ட்சு சியெ ட்சாய் ஹெய்பான் ஷாங்': எழுத்து கரும்பலகையில எழுதியிருக்கு. ச்சீ இந்த வகை இல்லை, அதனால 'ஃபான்' எடுத்துட்டாலும் சரியாகாது. செயப்படுபொருள் இருந்தா அதை 'பா' போட்டு முன்னால கொண்டு வரணும்: 'வோ பா ஷூ ஃபாங் ட்சாய் ஜுவோட்சு ஷாங்', புத்தகத்தை மேசைமேல வைக்கிறேன்.

நாலாம்தொனி: அந்தப் பின்னால வர்ற இடத்துக்குப் பேர் பூயூ. அதையும் சொல்லிக் கொடுங்க.

கிழக்குவாசல்: பூயூ இல்லை. 'ட்சுவோட்சாய்' ஒரே வினை, இடம் அதோட பின்யூ. 'தா ட்சுவோட்சாய் லெ யீட்சு ஷாங்' (அவர் நாற்காலியில உட்கார்ந்தார்)னு, செயல் முடிஞ்சதைக் காட்டி வினையோட ஒட்டுற 'லெ' ட்சாய்க்கு அப்புறம்தானே ஒட்டுது?

நாலாம்தொனி: பாடநூல்ல பூயூன்னுதான் இருக்கு.

கிழக்குவாசல்: பாடநூல் 'லெ'க்கு என்ன பதில் சொல்லுது?

சொல்வரிசை: ரெண்டு பகுப்புக்கும் இலக்கண அறிஞர்கள் இருக்காங்க. அவருக்கு இப்ப வரிசைதான் வேணும்.

புதுமாணவன்: முன்னால மாத்தினேன், சரின்னு வந்துடுச்சு. நன்றி.

சொல்வரிசை: இன்னொண்ணு. எதிர்மறையில 'பு' வினைக்கு முன்னால இல்லை, ட்சாய்க்கு முன்னால: 'வோ பு ட்சாய் ஷீதாங் ச்சீ ஃபான்'.