கிளாரா லெம்லிக் பற்றிய கவிதை நாவல்: எங்கே முடிப்பது?

நள்ளிரவு வாசகி கேட்டது:

வணக்கம். கிளாரா லெம்லிக்கைப் பற்றி இளையவர்களுக்காக ஒரு கவிதை நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். உக்ரைனில் 1886-ல் பிறந்த யூதப் பெண். 1903-ல் கிஷினெவ் நகரில் யூதர்களைக் கொன்று குவித்த பிறகு, குடும்பமே நியூயார்க்குக்குக் கிளம்பியது. அங்கே போனதும் பெண்களின் சட்டை தைக்கும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

சிறுவயதுப் பகுதி தானாகவே கவிதையாக வந்தது. வீட்டில் ரஷ்யப் புத்தகம் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. இவளோ ஊராருக்குக் கடிதம் எழுதிக்கொடுத்தும் காஜா எடுத்தும் சேர்த்த காசில் புத்தகம் வாங்கி, அடுப்படியில் இறைச்சிச் சட்டிக்கு அடியில் ஒளித்து வைக்கிறாள். அப்பா கண்டுபிடித்து எல்லாவற்றையும் எரித்துவிடுகிறார். அவள் மறுபடி காசு சேர்க்க ஆரம்பிக்கிறாள்.

முடிவில்தான் தடுமாறுகிறேன். 1909 நவம்பர் 22, கூப்பர் யூனியன் மண்டபம். சாமுவேல் கோம்பர்ஸ் உட்படப் பெரிய தொழிற்சங்கத் தலைவர்கள் இரண்டு மணி நேரமாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். 23 வயதுப் பெண் மேடையேறி, பேச்சைக் கேட்டது போதும், பொது வேலைநிறுத்தம் செய்வோம் என்று யூதர்களின் இத்திஷ் மொழியில் முன்மொழிகிறாள். துரோகம் செய்தால் இந்தக் கை வாடிப்போகட்டும் என்று கூட்டமே வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்கிறது. அங்கேயே முடித்துவிடலாமா? இல்லை, 146 பேர் இறந்த டிரையாங்கிள் சட்டை ஆலைத் தீ வரை, அதாவது 1911 மார்ச் 25 வரை போகவேண்டுமா? தீயை விட்டுவிட்டால் இறந்தவர்களுக்கு அநியாயம் செய்வதுபோல இருக்கிறது.

பாபின்:

தங்கச்சி, நானும் மெஷினில் உட்கார்ந்து சம்பாதித்தவள், அதனால் உரிமையோடு சொல்கிறேன். முடிவு இருக்கட்டும். பட்டறைக்குள் என்ன நடந்தது என்று எழுதிவிட்டீர்களா? ஊசிக்கும் நூலுக்கும் மின்சாரத்துக்கும் அந்தப் பெண்களின் கூலியிலேயே பிடித்தார்கள். தாமதமாக வந்தால் அபராதம். தையல் மெஷினைத் தங்கள் முதுகில் சுமந்துகொண்டு வேலைக்கு வந்தவர்களும் உண்டு.

அப்புறம், அந்தத் தொப்பி விஷயம். வேலைநிறுத்தம் தொடங்கிய வாரத்தில் கிளாரா ஒரு செய்தித்தாளில் எழுதினார். பட்டறையில் உடை மாற்ற அறை கிடையாது, தொப்பியையும் கோட்டையும் சுவரில் கொக்கியில்தான் மாட்டவேண்டும். ஐம்பது சென்ட் கொடுத்து ஒருத்தி புதுத் தொப்பி வாங்கியிருப்பாள், கொஞ்ச நாளில் அது நசுங்கிப் பாழாகிவிடும். மற்ற இளம்பெண்களைப் போல எங்களுக்கும் புதுத் தொப்பி பிடிக்கும், ஏன் பிடிக்கக்கூடாது என்று கேட்கிறார். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. கூலி, நேரம், இதோடு கூட அழகாக ஒரு பொருள் வைத்துக்கொள்ளும் ஆசையையும் உரிமையாகக் கேட்ட பெண் அவர். இது கட்டாயம் ஒரு கவிதையாக வரவேண்டும்.

தீயில் மட்டும் முடிக்காதீர்கள். கிளாரா டிரையாங்கிளில் வேலை செய்யவில்லை, லைசர்சன் பட்டறையில்தான் இருந்தார். தீயில் முடித்தால், நாவல் முழுக்கத் தானே முடிவெடுத்து நடந்தவள் கடைசிப் பக்கத்தில் சடலங்களுக்கு நடுவே உறவுக்காரப் பெண்ணைத் தேடி அழுகிறவளாக மட்டும் நின்றுவிடுவாள். அவர் அப்படித் தேடிப்போனது உண்மைதான். ஆனாலும் அது அவருடைய கதையின் முடிவு இல்லை.

பழைய சங்கக்காரன்:

அம்மா, சத்தியத்திலும் முடிக்கவேண்டாம். சத்தியம் செய்த மறுநாள் காலையில்தான் போராட்டமே ஆரம்பிக்கிறது. இருபதாயிரம் பேருக்கு மேல் தெருவுக்கு வந்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள், யூதர்களும் இத்தாலியர்களும். குளிர்காலம் வேறு. அடியாட்கள் அடித்தார்கள், போலீஸ் பிடித்துப்போனது. கிளாராவுக்கு அந்தக் கூட்டத்துக்கு முன்பே, செப்டம்பரில், மறியலில் ஆறு விலா எலும்புகளை உடைத்திருந்தார்கள். வீட்டில் தெரியாமல் காயத்தை மறைத்துக்கொண்டு மறுபடி மறியலுக்குப் போனவர்தான் நவம்பரில் மேடையேறினார். உங்கள் வாசகர்களுக்கு இது முதலிலேயே தெரிந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால், 'பேச்சு போதும்' என்பது ஏதோ துடுக்குப் பெண்ணின் அவசரம் போலக் கேட்கும்.

என் கருத்தில் நாவலின் உச்சம் 1910 பிப்ரவரி. முந்நூறுக்கும் மேற்பட்ட முதலாளிகள் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். டிரையாங்கிள் போடவில்லை. கூலியிலும் நேரத்திலும் கொஞ்சம் இறங்கிவந்தார்கள், சங்கத்தை மட்டும் உள்ளே விடவில்லை. கதவைப் பூட்டாதே, தீயிலிருந்து தப்ப ஒழுங்கான வழி வை என்ற கோரிக்கைகள் அப்படியே நின்றுபோயின. அடுத்த ஆண்டு அந்தப் பெண்கள் பூட்டிய கதவைத்தான் தட்டிக்கொண்டிருந்தார்கள். பேச்சுவார்த்தை மேசைகளில் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன்: கையெழுத்தான வரிகளைவிட விடுபட்ட வரிகள்தான் பின்னால் ஆளைக் கொல்லும். உரைநடையில் இதை நாலு பத்தி விளக்கவேண்டியிருக்கும். கவிதையில் கோரிக்கைப் பட்டியலை அப்படியே போட்டு, நிறைவேறாத வரிகளுக்கு எதிரே வெற்றிடம் விடலாமே.

புத்தக அலமாரி:

ஐயா சொன்னது சரி. ஆனால் இளையவர்களுக்கான நாவல் என்றால், அதன் பிறகு அவர் என்ன ஆனார் என்று அவர்கள் கேட்பார்களே. பட்டறை முதலாளிகள் பெயரைக் குறித்துவைத்து வேலை தராமல் ஒதுக்கினார்கள். பெண்களின் வாக்குரிமைக்குப் போனார். 1913-ல் கல்யாணம். அப்புறம் புரூக்ளினில் இல்லத்தரசிகளைத் திரட்டி, கறி விலைக்கும் வாடகைக்கும் எதிராகப் போராட்டம். வயதான காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் முதியோர் இல்லத்தில் இருந்தபோது, போராடிய திராட்சைப் பண்ணைத் தொழிலாளர்களுக்கு ஆதரவாக இல்லத்தில் திராட்சை வாங்கக்கூடாது என்று நிர்வாகத்தைச் சம்மதிக்க வைத்திருக்கிறார். அங்கே வேலை பார்த்தவர்கள் சங்கம் சேரவும் உதவினார். 1982-ல், 96 வயதில் இறந்தார்.

நள்ளிரவு வாசகி:

எல்லோருக்கும் நன்றி. சங்கக்கார ஐயா, 1910 பிப்ரவரியைத்தான் எடுத்துக்கொள்ளப்போகிறேன். கோரிக்கைப் பட்டியல் நீங்கள் சொன்னபடியே வரும். தீ அதற்கடுத்து ஒரே ஒரு பக்கம். முதியோர் இல்லத்தைப் பின்னுரையில் உரைநடையாகவே சொல்லிவிடுகிறேன், அதைக் கவிதையாக்கினால் இனிப்பு கூடிவிடும் என்று பயம். பாபின் அக்கா, தொப்பிக் கவிதையை எழுதி முதலில் உங்களுக்குத்தான் அனுப்புவேன். மெஷின் பாகங்களின் பெயர்களையும் நீங்கள்தான் திருத்தித் தரவேண்டும்.