பெரிய வீட்டுச் சொந்தங்கள்: மாமன் வண்டிக்கு லைட்டு இல்ல

வெள்ளி

செந்தில் பூப்பாறை, 6:52
சித்தப்பா இருக்கீங்களா. அப்பா தண்டர்பேர்டு பைக்குல ஹெட்லைட் ரொம்ப மங்கல். நாளைக்கு ராத்திரி போடிமெட்டு மலை எறங்கணும்

கவிதா, 6:53
அண்ணே வெளையாடுறியா

கவிதா, 6:53
ஞாயித்துக்கெழம விடியக்காலம் முகூர்த்தம். மாமன் மடி இல்லாம பாப்பாவ எங்க உக்கார வைக்க

செந்தில் பூப்பாறை, 6:55
வரேன்மா. ஏலக்காய் எடை போட்டு முடிக்க எப்படியும் 7 ஆயிரும். அதுக்கப்புறம்தான் கெளம்ப முடியும்

வசந்தா அத்தை, 6:58
தாம்பூலப் பை சொல்லியாச்சு. தேங்கா யாரு வாங்குறது

முருகேசன் மாமா, 7:01
கார்த்திக வெளக்கு மாதிரி எரியுதா மாப்ள. மச்சான் ஓட்டுனப்ப எதுக்க வர்ற பஸ்காரன் கை காட்டித் திட்டுவான், அம்புட்டு வெளிச்சம்

முருகேசன் மாமா, 7:01
எனக்குத் தர்றேன்னுதான் சொன்னாரு அந்த வண்டிய

லட்சுமி அம்மா, 7:04
அந்தப் பேச்சு இப்ப எதுக்குண்ணே

பாண்டி, 7:05
எல்.இ.டி. பல்ப் போடுண்ணே. பகல் மாதிரி இருக்கும்

செந்தில் பூப்பாறை, 7:06
இங்க கடையில 100/90 வாட் பல்ப் இருக்காம். அதப் போட்டுரவா சித்தப்பா

ராஜேந்திரன் சித்தப்பா, 7:19
தம்பி செந்தில், எதையும் போடாத. முழுசாப் படி. உன் வண்டியில எச்4 பல்ப், 60/55 வாட். பிரைட்டுல 60, டிம்முல 55. அதுவே கிட்டத்தட்ட 5 ஆம்பியர் இழுக்கும். 100/90 போட்டா 8 ஆம்பியர் தாண்டும். அந்தப் பழைய ஒயரும் ஹேண்டில்ல பிரைட்டு டிம்மு மாத்துற டிப்பர் சுவிட்சும் அதுக்குத் தாங்காது. மொதல்ல ஹோல்டர் உருகும், அப்புறம் சுவிட்சு கருகும், டூம், அதான் லைட்டுக் கிண்ணம், அது உள்ள இருக்குற வெள்ளிப் பூச்சும் சூட்டுல கொப்பளிச்சுப் போகும். பல்ப் எரியுதுன்னா பல்ப் நல்லாத்தான் இருக்கு. அதுக்குக் கரண்டு ஒழுங்காப் போய்ச் சேருதான்னு பாக்கணும். வோல்ட் 10 சதவீதம் கொறஞ்சா வெளிச்சம் 30 சதவீதம் கொறையும். இது ஹாலஜனோட கொணம். இப்ப நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு. 1) ஆக்சிலேட்டர் முறுக்குனா லைட் ஏறுதா 2) ஹாரன் எப்படி அடிக்குது 3) டூம் கண்ணாடிக்கு உள்ள மங்கிப் போயிருக்கா

கவிதா, 7:20
சித்தப்பா பரீட்ச ஆரம்பிச்சாச்சு

செந்தில் பூப்பாறை, 7:24
லேசா ஏறுது. ஹாரன் ஓகே. உள்ள பளபளன்னுதான் இருக்கு

வசந்தா அத்தை, 7:26
என் ஸ்கூட்டியில பகல்லயே லைட் எரியுது. ரோட்டுல போறவன் பூரா கையத் தொறந்து தொறந்து மூடிக் காட்டுறான். அதையும் பாத்துக் குடு ராஜா

ராஜேந்திரன் சித்தப்பா, 7:31
அக்கா அது ரிப்பேர் இல்ல. 2017 ஏப்ரல்ல இருந்து புது டூ வீலருக்கெல்லாம் இன்ஜின் ஓடுனா லைட் எரிஞ்சுதான் ஆகணும்னு சட்டம். அணைக்க சுவிட்சே கெடையாது. கை காட்டுறவனுக்கு நீ சிரிச்சுட்டுப் போ

முருகேசன் மாமா, 7:32
ஏற்கெனவே அப்படித்தான் போறா

வசந்தா அத்தை, 7:32
வீட்டுக்கு வாங்க சொல்றேன்

பாண்டி, 7:35
அப்பா எல்.இ.டி. என்ன தப்பு. எல்லாரும் போடுறாங்க

ராஜேந்திரன் சித்தப்பா, 7:48
அந்த டூம் எச்4 இழைக்காகச் செஞ்சது. இழை எந்த எடத்துல இருக்கணும்னு கணக்குப் பண்ணித்தான் வளைவு குடுத்துருக்கான். கண்டதச் சொருகுனா வெளிச்சம் ரோட்டுல விழுகாது, செதறும். போடிமெட்டுல 17 கொண்டை ஊசி வளைவு. எதுக்க ஜீப்புக்காரன் கண்ணு கட்டிருச்சுன்னா ஒனக்கும் சேத்துத்தான் ஆபத்து. பனி எறங்குனா வெள்ளை வெளிச்சம் சுவர் கட்டுன மாதிரி திருப்பி நம்ம மூஞ்சியிலயே அடிக்கும். பனியில எப்பவும் டிம்தான். செந்தில், மல்டிமீட்டர் கெடைக்குமா

செந்தில் பூப்பாறை, 7:50
தோட்டத்துல மோட்டார் பாக்குற அண்ணன்கிட்ட இருக்கு. காலையில வாங்குறேன்

முருகேசன் மாமா, 7:52
அதுசரி ஏலத்துல காய் என்ன வெல போகுது

செந்தில் பூப்பாறை, 7:53
மாமா லைட்டு

சனி

செந்தில் பூப்பாறை, 8:10
சித்தப்பா மீட்டர் வந்துருச்சு. எங்க வைக்க

ராஜேந்திரன் சித்தப்பா, 8:22
மீட்டர் குமிழத் திருப்பி டி.சி. 20 வோல்ட்டுல வை. வண்டிய ஸ்டார்ட் பண்ணி, ஐடில்ல விடாம கொஞ்சம் தூக்கி வச்சு, பிரைட் போட்டுக்க. லைட் எரியும்போதுதான் அளக்கணும், அணைச்சுட்டு அளந்தா எல்லாம் நல்லாத்தான் காட்டும். மொதல்ல பேட்டரி ரெண்டு முனை. அப்புறம் டூமைக் கழட்டி, ஹோல்டர் பின்பக்கம் ஒயர் ஏறுற எடத்துல குச்சியச் சொருகி அளந்து சொல்லு. பல்ப் கண்ணாடியில கை படக்கூடாது. வெரல் எண்ணெ பட்ட எடம் சூடேறி பல்ப் சீக்கிரம் போயிரும்

செந்தில் பூப்பாறை, 9:05
பேட்டரி 13.8. ஹோல்டர்ல 11.6

ராஜேந்திரன் சித்தப்பா, 9:06
பாத்தியா

ராஜேந்திரன் சித்தப்பா, 9:11
13.8 வருதுன்னா சார்ஜிங் சரியா இருக்கு. மேக்னட்டையும் ரெக்டிஃபயரையும் தொட வேணாம். 2.2 வோல்ட் வழியில போகுது. வெளிச்சத்துல பாதி அங்கேயே காலி. இனி எந்தப் பக்கம்னு பிரிக்கணும். மீட்டர் ஒரு குச்சி பேட்டரி மைனஸ், இன்னொண்ணு ஹோல்டர்ல கருப்பு ஒயர். லைட் எரியட்டும். என்ன காட்டுது

கவிதா, 9:14
சீர்த்தட்டு படம் யாரோ போட்டீங்களே, மேல போயிருச்சு. திரும்பப் போடுங்க

செந்தில் பூப்பாறை, 9:20
1.6

ராஜேந்திரன் சித்தப்பா, 9:21
எர்த்து

ராஜேந்திரன் சித்தப்பா, 9:24
கரண்டு பேட்டரிக்குத் திரும்பிப் போற கருப்பு ஒயர்தான் எர்த்து. அங்க கால் வோல்ட்டுக்கு மேல காட்டவே கூடாது. மீதி 0.6 சுவிட்சுல போகுது, அத அப்புறம் பாத்துக்கலாம். கருப்பு ஒயர் எங்க போய் முடியுதுன்னு டூமுக்குள்ள தொடந்து போய்ப் பாத்து ஒரு படம் போடு

செந்தில் பூப்பாறை, 9:41
[படம்]
முறுக்கிக் கட்டி மேல டேப்பு சுத்திருக்கு சித்தப்பா. டேப்பு பிசுபிசுன்னு கையில ஒட்டுது. பிரிச்சா கம்பி பூரா பச்சையாக் களிம்பு. தொட்டதும் பாதி இழை ஒடிஞ்சு விழுந்துருச்சு. இன்னொரு கருப்பு ஒயரையும் இதோட சேத்து முறுக்கிருக்கான்

ராஜேந்திரன் சித்தப்பா, 9:43
அந்த ரெண்டாவது ஒயர் எதோடது

செந்தில் பூப்பாறை, 9:44
ஃபாக் லைட்டோடது

ராஜேந்திரன் சித்தப்பா, 9:44
ஃபாக் லைட்ட மாட்டுனது யாரு

கவிதா, 9:45
@பாண்டி

முருகேசன் மாமா, 9:45
மாப்ள தம்பியக் காணோமே

லட்சுமி அம்மா, 9:47
சின்னப்பய அவன். விடுங்க தம்பி

பாண்டி, 10:02
மாட்டுனது கடைக்காரன். நான் கூட நின்னேன் அவ்வளவுதான்

ராஜேந்திரன் சித்தப்பா, 10:15
சரி. செந்தில், ஹார்டுவேர் கடையில 2.5 சதுர மி.மீ. ஒயர் ஒரு பாகம், ஆறடி, வாங்கு. பல இழை உள்ளதாப் பாரு. வீட்டு ஒயரிங்குக்குப் போடுற ஒத்தைக் கம்பி வேணாம், ஹேண்டிலத் திருப்பத் திருப்ப கழுத்துல ஒடிஞ்சுரும். பச்சை ஏறுன எடத்த வெட்டித் தள்ளிட்டு, ஹோல்டர் எர்த்துல இருந்து நேரா பேட்டரி மைனஸுக்குக் கொண்டு போ. டேங்குக்குக் கீழ சட்டத்த ஒட்டிக் கட்டு. ஹேண்டில ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாரு, ஒயர் இழுபடக்கூடாது. பேட்டரி முனைய உப்புத்தாள் போட்டுத் தேச்சு, முடுக்குனதுக்கு அப்புறம் கொஞ்சம் வாசலின் தடவு. ஃபாக் லைட்ட இப்போதைக்குக் கழட்டி விட்டுரு

வசந்தா அத்தை, 10:20
வாசலின் எதுக்கு ராஜா. குளுருக்கா

ராஜேந்திரன் சித்தப்பா, 10:21
களிம்பு ஏறாம இருக்கக்கா

முருகேசன் மாமா, 10:34
இவ்வளவு எதுக்கு. நான் எப்படியும் ஆளுகள ஏத்த மேல வர்றேன். 8 மணிக்கு ஜீப்பு பூப்பாறை ஜங்சன்ல நிக்கும். ஏறிக்கிட்டா முடிஞ்சுச்சு

லட்சுமி அம்மா, 10:36
அதுதான்யா நல்லது. மாமா கூட வந்துரு. ராத்திரி வண்டி வேணாம்

செந்தில் பூப்பாறை, 10:40
போன தடவ ஜீப்புல வந்த டீசல் கணக்கே இன்னும் ஓடிக்கிட்டிருக்கும்மா

முருகேசன் மாமா, 10:41
கணக்கு பேசுனது நான் இல்ல. உங்க அத்தை

வசந்தா அத்தை, 10:41
என்னைய ஏன் இழுக்குறீங்க

கவிதா, 10:43
எதுலயாவது வாங்க. 5 மணிக்கு கோயில்ல இருக்கணும்

செந்தில் பூப்பாறை, 3:18
[படம்]
ஹோல்டர்ல இப்ப 13.1. சுவர்ல அடிச்சுப் பாத்தேன், நேத்து லைட்டே இல்ல இது

கவிதா, 3:19
சூப்பர்ணே

ராஜேந்திரன் சித்தப்பா, 3:30
நல்லது. இன்னொண்ணு. சீர்ச் சாமான பின்னாடி கட்டுவியா? பாரம் ஏறுனா பின்பக்கம் அமுங்கும், லைட்டு மேல பாக்கும், மரத்து உச்சிக்குத்தான் அடிக்கும். எல்லாத்தையும் கட்டி, நீயும் ஏறி உக்காந்துட்டு, சமதளத்துல சுவரப் பாத்து நிறுத்தி டூமைக் கொஞ்சம் கீழ எறக்கு. டிம்மோட மேல் ஓரம் லைட்டு ஒசரத்துக்குக் கீழதான் விழுகணும். அப்புறம் விசேஷம் முடிஞ்சு ரிலே வச்சுக்கலாம், சின்னக் கரண்டுல பெரிய கரண்ட ஆன் பண்ற சுவிட்சு அது. டிம்முக்கு ஒண்ணு, பிரைட்டுக்கு ஒண்ணு. பேட்டரி பிளஸ்ல இருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியா 30ம் நம்பர் பின்னுக்கு, 87ல இருந்து பல்புக்கு, 85 எர்த்து, 86க்கு சுவிட்சு ஒயர். பாரம் சுவிட்சு மேல ஏறாது. அந்த 0.6ம் போயிரும். படம் வரஞ்சு போடுறேன்

கவிதா, 3:31
திங்கக்கெழம போடுங்க சித்தப்பா ப்ளீஸ்

லட்சுமி அம்மா, 3:40
[குரல் பதிவு 1:52]

செந்தில் பூப்பாறை, 3:47
கேட்டேன்மா. சீர் சாமான் வேணா ஜீப்புல குடுத்து விடுறேன். நான் வர்றத பொறவு பாப்போம்

முருகேசன் மாமா, 3:49
சாமானுக்கு ஜீப்பு, ஆளுக்கு வண்டியா. சரி சரி. முன் சீட்ட வைக்கவா வேணாமா அத மட்டும் சொல்லு

முருகேசன் மாமா, 4:25
மாப்ள?

பாண்டி, 4:31
அண்ணே கழட்டுன ஃபாக் லைட்ட எறிஞ்சுராத. என் வண்டிக்கு வேணும்